பாவம் ஓரிடம், பழி பென்டிரைவுக்கு

கம்ப்யூட்டருக்கு ஓஎஸ் போட பென்டிரைவ் தயார் செய்கிறோம். செருகி ஆன் செய்தால் ஓடவில்லை. யாரைக் கேட்டாலும் மூன்றே வைத்தியம்தான் கிடைக்கும். வேறு பென்டிரைவில் போட்டுப் பார். வேறு சாஃப்ட்வேரில் எழுதிப் பார். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிவிடு. சர்வீஸ் கடைக்காரரும் இதையே சொல்கிறார், அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்க்கும் அத்தை மகனும் இதையே சொல்கிறார். பூட் ஆவதும் ஆகாததும் பென்டிரைவின் ராசி போலவும், மாற்றி மாற்றிப் போட்டால் எதுவாவது ஒத்துக்கொள்ளும் என்பது போலவும் ஒரு நம்பிக்கை ஊறிப்போய்க் கிடக்கிறது. ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குப்பைத் தொட்டிக்குப் போகிற பென்டிரைவ்களில் பல, தம் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் அங்கே போகின்றன.

இந்த வைத்தியங்கள் ஒருபோதும் பலிக்காமல் இருந்தால் என்றைக்கோ வழக்கொழிந்திருக்கும். அவ்வப்போது பலித்துவிடுகின்றன, தொல்லையே அதுதான். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களில் 2019இல் நடந்ததைப் பாருங்கள். எல் கேப்பிட்டன், சியரா, ஹை சியரா இன்ஸ்டாலர்களைப் பென்டிரைவில் போட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு நாள் திடீரென்று ஒரு செய்தி வந்தது: இந்த இன்ஸ்டாலரைச் சரிபார்க்க முடியவில்லை, டவுன்லோடு ஆகும்போது பழுதாகியிருக்கலாம், யாராவது கைவைத்திருக்கலாம் என்று. முந்தின மாதம் அதே பென்டிரைவில் வேலை நடந்திருக்கும். ஃபைலில் ஒரு பைட் கூட மாறியிருக்காது. நடந்தது இவ்வளவுதான்: இன்ஸ்டாலர்களுக்குக் கையொப்பமிட்ட ஆப்பிளின் சான்றிதழ் 2019 அக்டோபர் 24ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. வைஃபையை அணைத்துவிட்டு, டெர்மினலில் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் அதே ‘பழுதான’ பென்டிரைவ் சமர்த்தாக ஓடியது.

ஆனால் பலர் செய்தது வேறு. இன்ஸ்டாலரை மறுபடி டவுன்லோடு செய்து, கையோடு புது பென்டிரைவும் வாங்கி அதில் எழுதினார்கள். ஆப்பிள் அதற்குள் புதுச் சான்றிதழோடு வெளியிட்டிருந்ததால் அதுவும் ஓடியது. சான்றிதழ் மாறியது கண்ணில் படவில்லை. பென்டிரைவ் மாறியது கண்ணில் பட்டது. வைத்தியம் பலித்துவிட்டது, நோய் இன்னதென்று தெரியாமலேயே. அடுத்த முறையும் அவர்கள் பென்டிரைவைத்தான் மாற்றுவார்கள், நாலு பேருக்கும் அதையே சொல்வார்கள். காய்ச்சல்காரனுக்குக் கட்டிலை மாற்றிப் போட்டதும் காய்ச்சல் தானாக இறங்கிவிட்டால், ஊரில் கட்டில் வியாபாரம் களைகட்டத்தானே செய்யும்?

பூட் ஆவது ஒரே மூச்சில் நடக்கிற காரியம் அல்ல; கைமாறிக் கைமாறி நடப்பது. முதலில் மதர்போர்டில் இருக்கும் யுஇஎஃப்ஐ, பழக்கதோஷத்தால் இன்னும் பயாஸ் என்கிறோமே அது, பென்டிரைவைத் தன் சொந்த டிரைவரால் படிக்கிறது. ஃபேட் வகைப் பார்ட்டிஷனைத் தேடுகிறது. அதில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கிறது. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அந்த ஃபைலின் கையொப்பத்தைச் சோதிக்கிறது. தேறினால் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. அந்த ஃபைல் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலை மெமரிக்குள் ஏற்றுகிறது. கெர்னல் எழுந்துவிட்டால் யுஇஎஃப்ஐயின் டிரைவர்களுக்கு வேலை முடிந்தது. அதே பென்டிரைவைக் கெர்னல் இனித் தன்னுடைய டிரைவரால் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அதையும் தாண்டினால் இன்ஸ்டாலர் வந்து, எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கும்.

இத்தனை கைகளில் எந்தக் கையிலிருந்து நழுவியது என்பது திரையிலேயே தெரிகிறது. எஃப்12 மெனுவில் பென்டிரைவின் பெயரே வராமல் இருப்பது ஒரு நிலைமை. பெயர் வந்து, தேர்ந்தெடுத்ததும் கையொப்பம் செல்லாது என்று சிவப்புப் பெட்டி வருவது முற்றிலும் வேறு நிலைமை. இன்ஸ்டாலர் ஜன்னலே திறந்து, மொழியும் விசைப்பலகையும் தேர்ந்தெடுத்த பிறகு நிற்பது மூன்றாவது நிலைமை. மூன்றுக்கும் சேர்த்து ‘பென்டிரைவ் பூட் ஆகலை’ என்று ஒரே வாக்கியம் சொன்னால் வைத்தியம் எப்படி உருப்படும்?

மூன்றாவது நிலைமையில்தான் அநியாயம் உச்சத்துக்குப் போகிறது. ஒரு சர்வீஸ் கடையில் இன்டெல் 11ஆம் தலைமுறை லேப்டாப் ஒன்றுக்கு விண்டோஸ் 10 போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்டாலர் அழகாக எழுந்தது, லைசென்ஸ் பக்கம் வந்தது, எங்கே போடுவது என்ற பக்கத்தில் பட்டியல் காலி. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, ஸ்டோரேஜ் டிரைவரைக் கொடு என்று கீழே எழுதியிருந்தது. பையன் பென்டிரைவைப் பிடுங்கி, மேஜை டிராயரிலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருகினான். அதே பக்கம், அதே காலி. “இதுவும் சரியில்லண்ணா” என்று உள்ளே குரல் கொடுத்தான். “நீல கலர் இருக்கு பாரு, அதப் போடு” என்று பதில் வந்தது. நீலமும் அதையே சொன்னது. பிறகு வாடிக்கையாளரிடம் எஸ்எஸ்டி போயிருக்கலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. அந்த எஸ்எஸ்டியிலிருந்துதான் அன்று காலை வரை விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று பென்டிரைவ்களும் அங்கே செய்ததை நினைத்துப் பாருங்கள். இன்ஸ்டாலர் ஜன்னல் வருகிறது என்றால் நூற்றுக்கணக்கான எம்பி உள்ள பூட் படிமம் முழுவதும் சரியாகப் படிக்கப்பட்டு மெமரிக்குள் போய்விட்டது என்று பொருள். இல்லாதது ஒரு டிரைவர். அந்தத் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 10 இன்ஸ்டாலருக்குள் அதற்கான டிரைவர் கிடையாது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் இருக்கும். அதை இறக்கிப் பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்தப் பக்கத்திலேயே இருக்கும் லோடு டிரைவர் பட்டனை அழுத்தினால் எஸ்எஸ்டி தெரிந்துவிடும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும். பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு கூடவே இன்னொன்றைப் போடுகிறவர்கள் மட்டும் இந்த இரண்டாவது வழிக்குப் போக வேண்டாம். விஎம்டியோடு போடப்பட்ட பழைய விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். என்ன செய்ய வேண்டும் என்று திரையே எழுதிக் காட்டியது. படிக்கத்தான் ஆளில்லை.

இது புதிதும் அல்ல. 2015இல் இன்டெல்லின் 6ஆம் தலைமுறை சிப்கள் வந்தபோது பழைய யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரை அவற்றோடு வந்த சிப்செட்டில் எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7 இன்ஸ்டாலருக்கு யுஎஸ்பி 3.0 தெரியாது. விளைவு விசித்திரமானது. யுஇஎஃப்ஐ படித்துக் கொடுக்கிற வரை எல்லாம் நடந்து முதல் திரை வந்துவிடும். விண்டோஸ் பொறுப்பை வாங்கிய கணத்தில் பென்டிரைவ், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒரேயடியாக மறைந்துவிடும். திரையில் வந்த செய்தியோ, சிடி டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை என்றது. டிவிடியே இல்லாத கம்ப்யூட்டரில்! அந்தச் செய்தியை வார்த்தைக்கு வார்த்தை நம்பினாலும் மோசம்தான். செய்தி எந்தக் கட்டத்தில் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீபோர்டும் கூடவே செத்தது என்ற ஒரு தகவல் போதும், குற்றம் பென்டிரைவில் இல்லை என்று தெரிய. மதர்போர்டு கம்பெனிகளும் இன்டெல்லும் யுஎஸ்பி 3.0 டிரைவரை இன்ஸ்டாலருக்குள் புகுத்தித் தரும் கருவிகளை வெளியிட்ட பிறகும், பென்டிரைவ் மாற்றும் படலம் ஓயவில்லை.

இரண்டாவது வைத்தியத்துக்கு வருவோம்: சாஃப்ட்வேரை மாற்று. ரூஃபஸில் எழுதியது ஓடவில்லையா, எட்சரில் எழுது. அதுவும் இல்லையா, வென்டாய் போடு. எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒன்று நன்றாகச் செய்கிறது, ஒன்று சுமாராகச் செய்கிறது என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அவை செய்கிற வேலையே வேறு வேறு.

விண்டோஸின் ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டாலரின் முழுப் படிமத்தை, எடுத்துக்கொள்வோம். அதற்குள் இன்ஸ்டால்.விம் என்று ஒரு ஃபைல்; இப்போதெல்லாம் அது 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. யுஇஎஃப்ஐயோ ஃபேட் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் விதி. என்டிஎஃப்எஸ் தெரிய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. இந்த இடுக்கிலிருந்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தப்புகிறார்கள். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அந்த ஃபைலை இன்னும் இறுக்கிச் சுருக்கி இஎஸ்டி வடிவில் கொண்டுவருகிறது. பீட் படார்ட் எழுதி 2011இலிருந்து வெளிவரும் ரூஃபஸ், பென்டிரைவை என்டிஎஃப்எஸ் ஆக்கிவிட்டு, கடைசியில் துளியூண்டு ஃபேட் பார்ட்டிஷன் வைத்து, என்டிஎஃப்எஸ் படிக்கும் டிரைவர் ஒன்றை அதிலிருந்து ஏற்றச் செய்கிறது. இரண்டும் வேண்டாம் என்றால் டிஸ்ம் கட்டளையால் இன்ஸ்டால்.விம் ஃபைலை 4 ஜிபிக்குக் குறைந்த துண்டுகளாக்கி, மற்ற எல்லா ஃபைல்களோடும் சேர்த்து ஒரு ஃபேட்32 பென்டிரைவில் சாதாரணமாகக் காப்பி செய்துவிடலாம். யுஇஎஃப்ஐ கம்ப்யூட்டரில் அது பூட் ஆகும். ‘பூட்டபிள் ஆக்குவது’ என்று ஒரு மந்திரம் அங்கே தேவையே இல்லை. சரியான இடத்தில் சரியான ஃபைல் இருந்தால் போதும்.

எட்சர் செய்வது இவற்றில் எதுவும் இல்லை. படிமத்தை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே பென்டிரைவில் கொட்டுகிறது, லினக்ஸின் டிடி கட்டளையைப் போல. உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஐஎஸ்ஓக்கள் அப்படிக் கொட்டினாலும் ஓடும்படி கலப்பு வடிவில் தயாரானவை. விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படி அல்ல. அதனால்தான் விண்டோஸ் ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் எட்சர் முன்கூட்டியே எச்சரிக்கிறது. எச்சரிக்கையைத் தட்டிவிட்டு எழுதியவருக்கு அது ஓடவில்லை என்றால், எட்சர் மட்டம் என்று பொருளா?

மறுபக்கமும் உண்டு. ஃபெடோரா தன் லைவ் படிமத்தை லேபிள் பெயரைக் கொண்டு தேடுவது வழக்கம். அந்தப் பெயர் நீளமானது. ஃபேட்32இல் லேபிளுக்கு 11 எழுத்துதான் இடம். ஃபைல்களைப் பிரித்துக் காப்பி செய்யும் சாஃப்ட்வேர் கான்ஃபிக் ஃபைலிலும் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மெனு வரும், கெர்னல் எழும், பிறகு இன்ன லேபிள் கிடைக்கவில்லை என்று அவசரகாலக் கட்டளைத் திரையில் நின்றுவிடும். எந்தப் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதுவரை அங்கே எழுதியிருக்கும்.

கொட்டி எழுதுவதில் இன்னொரு பலி. உபுண்டு போட்டு முடித்த 32 ஜிபி பென்டிரைவை விண்டோஸில் செருகினால் சில சமயம் ஐந்தாறு எம்பிதான் காட்டும். அல்லது ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். பென்டிரைவ் செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். லினக்ஸ் படிமத்தின் பார்ட்டிஷன் அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். டிஸ்க்பார்ட்டில் அந்தப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து கிளீன் என்று கொடுத்து, புதிதாக ஃபார்மட் செய்தால் 32 ஜிபியும் திரும்ப வரும். ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஸ்க்பார்ட் மறுகேள்வி கேட்காது.

மூன்றாவது வைத்தியம்தான் மூன்றிலும் ஆபத்தானது. செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு என்ற யோசனைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ரூஃபஸ் வைக்கும் அந்தச் சின்ன என்டிஎஃப்எஸ் ஏற்றிக்குக் கூட முன்பு கையொப்பம் இல்லாததால் ரூஃபஸே அணைக்கச் சொன்னது. பிறகு கையொப்பம் கிடைத்துவிட்டது. உபுண்டு 2012இலும், ஃபெடோரா 2013இலும், டெபியன் 2019இலும் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற ஏற்றியோடு வரத் தொடங்கிவிட்டன. லினக்ஸ் என்றாலே செக்யூர் பூட்டை அணை என்பது காரணம் போன பின்னும் காலூன்றி நிற்கிற யோசனை.

அணைத்தால் என்ன குறைந்துவிடும் என்பார்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்திருந்தால், டிஸ்க் என்கிரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகியிருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாது. செக்யூர் பூட்டின் நிலையையும் கணக்கில் வைத்துத்தான் டிபிஎம் சிப் அந்த என்கிரிப்ஷனைத் திறக்கிறது. நீங்கள் லினக்ஸைச் சும்மா பார்க்கலாம் என்று செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, மறுபடி விண்டோஸுக்குப் போனால் 48 இலக்க ரிகவரி கீ எங்கே என்று கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் எடுக்கலாம். அந்தக் கணக்கைக் கடைப் பையன் தன் போக்கில் ஏதோ மெயிலில் உருவாக்கிக் கொடுத்திருந்தால், குடும்பப் போட்டோக்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டியதுதான்.

செக்யூர் பூட்டே காரணமாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவை தம்மைத் தெளிவாக அறிவித்துக்கொள்கின்றன. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய ஷிம்களை ஏற்காதே என்று யுஇஎஃப்ஐயில் எழுதிவைத்தது. இரண்டு ஓஎஸ் வைத்திருந்த பலருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் எழவில்லை, நேற்று வரை ஓடிய பழைய லினக்ஸ் பென்டிரைவும் ஓடவில்லை. எஸ்பேட் சோதனை தோற்றது என்று திரையில் பெயர் சொல்லியே வந்தது. அதற்கு மருந்து புதிய ஷிம் உள்ள புதிய ஐஎஸ்ஓ. பழைய ஐஎஸ்ஓவையே பத்து பென்டிரைவில் எழுதினாலும் பத்தும் அதையேதான் சொல்லும். இது இனிமேல் கூடும். செக்யூர் பூட்டுக்கான மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு 2026இல் ஆயுள் முடிகிறது. அவற்றின் இடத்தை 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் பிடிக்கின்றன. பழையதை ரத்து செய்துவிட்ட கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் பென்டிரைவ் நிற்கும், பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஓடும். ராசிக்காரர்களுக்கு நல்ல அறுவடைக் காலம்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றுக்கு மட்டும் கனம் உண்டு: கடையில் இருபது லேப்டாப் காத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நாடி பிடித்துக்கொண்டிருக்க நேரம் ஏது, மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வேகம் என்பது. கணக்குப் போடுவோம். நொடிக்கு 10 எம்பி எழுதும் சாதாரணப் பென்டிரைவில் 6 ஜிபி ஐஎஸ்ஓ எழுத 10 நிமிடம் ஆகும். மூன்று முறை மாற்றினால் அரை மணி நேரம். எந்தத் திரையில் நின்றது என்று பார்க்க ஒரு நிமிடம் கூட வேண்டாம். அந்த இருபது லேப்டாப்பில் இன்னொன்றில் அதே பென்டிரைவைச் செருகிப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்: அங்கே ஓடினால் பென்டிரைவ், ஐஎஸ்ஓ, எழுதிய விதம் மூன்றும் ஒரே சமயத்தில் விடுதலை. இருபது சாட்சிகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றைக் கூட விசாரிக்காத இடம் சர்வீஸ் கடை.

வென்டாய் இருக்க இந்தத் தலைவலி எதற்கு என்பவர்களும் உண்டு. 2020இல் வந்த நல்ல கருவி. ஐஎஸ்ஓக்களை அப்படியே காப்பி செய்து வைத்தால் மெனுவில் காட்டும். ஆனால் செக்யூர் பூட் ஆனில் இருக்கும் கம்ப்யூட்டரில் முதல் முறை செருகும்போது அதன் சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். அந்தத் திரையைப் பார்த்து மிரண்டு, ‘வென்டாயும் வேலை செய்யல’ என்று நான்காவது பென்டிரைவைத் தேடுகிறவர்களை வென்டாயால் என்ன செய்ய முடியும்? விஎம்டி டிரைவரையும் அது கொண்டுவந்து தராது.

பென்டிரைவ் உண்மையிலேயே குற்றவாளியாகிற இடமும் இருக்கிறது. 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி சிப் வைத்து, 64 என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரைத் திருத்திய போலிகள் சந்தையில் தாராளம். எழுதும்போது பிழை காட்டாது. கொள்ளளவைத் தாண்டியதும் பழையதின் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாக நடித்துவிட்டுத் தூக்கி எறியும். பூட் ஆகும், பாதி இன்ஸ்டால் கூட ஆகும், 40 சதவீதத்தில் ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று நிற்கும். இங்கே பென்டிரைவைச் சந்தேகிக்கலாம், ஆனால் நிரூபித்துவிட்டு. முதலில் ஐஎஸ்ஓவின் ஷா-256 எண்ணை அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் செர்ட்யூடில் கட்டளையே போதும். இதைச் சடங்கு என்று நினைப்பவர்கள், 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் டவுன்லோடு இணைப்பைத் திருப்பிவிட்டு, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவை விநியோகித்ததை நினைத்துக்கொள்ளலாம். எண் பொருந்தினால், பென்டிரைவைக் காலி செய்து விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஓடவிடுங்கள். முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, எத்தனை ஜிபி நிஜம் என்று இரண்டும் சொல்லிவிடும். 64 ஜிபிக்கு நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். பாதிக்கு மேல் பொய் என்று வந்தால் அந்தத் திரையைப் படம் பிடித்து, பில்லோடு விற்றவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபார்மட் செய்து மேஜை டிராயரில் மட்டும் திரும்பப் போட்டுவிடாதீர்கள், நீலக் கலரோடு சேர்ந்து அதுவும் அங்கேயே கிடக்கும்.